கதவைச் சாத்திய வீட்டுக்கு எப்படிப் போவது?

கேள்வி: ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்து வீடுகள் சேர்ந்த கோயில் குழுவில், 28 வீடு. மூன்று வருடமாக நான்தான் பொறுப்பு. போன பிப்ரவரியில் ஒரு வத்தை (சின்ன நாட்டுப்படகு) கவிழ்ந்து, போன நாலு பேரில் மூணு பேர் கரை சேர்ந்தார்கள். நாலாவது ஆள் எங்கள் அன்பியத்துக்காரர். உடல் கிடைக்கவே இல்லை. மனைவிக்கு 31 வயது. பிள்ளைகள் எட்டாவதும் மூணாவதும் படிக்கின்றன. முதல் மாதம் ஊரே அந்த வீட்டில் கிடந்தது. முப்பதாம் நாள் பூசைக்கு எழுதலாமா என்று கேட்கப் போனோம். "யாருக்குப் பூசை? அவரு வருவாரு" என்று கதவைச் சாத்திவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கோயிலுக்கு வருவதில்லை, நாங்களும் அங்கே போவதில்லை. பாஸ்காவுக்கு (ஈஸ்டருக்கு) அரிசியும் சேலையும் கொடுத்தோம். வாங்கிக்கொண்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவரையொருவர் அன்பு செய்யுங்கள் என்று ஃபாதர் பிரசங்கத்தில் சொல்கிறார். எப்படிச் செய்வது என்றுதான் தெரியவில்லை. வீடு வீடாகப் போனால் "வேவு பார்க்க வந்துட்டா" என்கிறார்கள். வெள்ளிக்கிழமை செபத்துக்கு அதே ஏழு பெண்கள்தான் வருகிறோம். ஆண்கள் ஒருவரும் இல்லை. தனியாக இருக்கும் ஒரு பாட்டியையும் சரியாகக் கவனிக்க முடியவில்லை. வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அந்தத் தங்கச்சி உங்கள் முகத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தவில்லை. நீங்கள் கொண்டுபோன கேள்வியின் மேல் சாத்தினாள். முப்பதாம் நாள் பூசைக்குச் சரி என்று அவள் தலையாட்டினால், கடல் திருப்பித் தராத தன் புருஷனைச் செத்தவர் என்று முதலில் சொன்னவள் அவளாகிவிடுவாள். உடல் கிடைத்திருந்தால் அந்தச் சுமையை மற்றவர்கள் சுமந்திருப்பார்கள்: பெட்டி வந்திருக்கும், ஃபாதர் மந்திரித்திருப்பார், ஊர் ஆளுக்கொரு பிடி மண் போட்டிருக்கும். இங்கே அது எதுவுமே நடக்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் இன்னும் திரும்பிப் பார்ப்பாள். கடையில் பொருள் வாங்கும்போது ஊர் அவளைக் கைம்பெண்ணாகப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் எட்டு மாதமாக நிற்கிறாள். உடல் கிடைக்காத வீட்டின் துக்கம் எட்டாம் நாள், முப்பதாம் நாள் என்ற கணக்குக்குள் வராது. அதனால் "இன்னும் ஏத்துக்க மாட்டேங்கிறா" என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். தாலி, பூ, பொட்டு பற்றி எந்தப் பெண்ணும் அவளிடம் வாய் திறக்கக் கூடாது. அது அவள் கழுத்து, அவள் நெற்றி. எதை எப்போது செய்வது என்பதை அவள் முடிவு செய்யட்டும்.

பூசைக்கு ஒரு வழி உண்டு. பூசையை, அதாவது திருப்பலியை, உயிரோடிருப்பவருக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம், இறந்தவருக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம். திருச்சபைச் சட்டத்தின் 901-ஆம் எண் இதைத் தெளிவாகவே சொல்கிறது. எனவே "இறந்த" என்ற சொல்லே வராமல், அவர் பெயரையும் "அவருடைய குடும்பத்துக்காகவும்" என்பதையும் மட்டும் எழுதிப் பூசை வைக்கலாம். இதை அவளிடம் சொல்லும் முன் ஃபாதரிடம் போய்ப் பேசிவிடுங்கள். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடமும் சொல்லுங்கள். வழக்கம்போல "ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று மைக்கில் வாசித்துவிட்டால் அவ்வளவுதான், அவள் இனி அந்த வாசல் மிதிக்க மாட்டாள். யாருக்காகப் பூசை என்று குறிக்கும் கருத்துப் புத்தகத்தில் எழுதிய வரியை வாசிப்பவரிடம் முதல் நாளே காட்டிவிடுங்கள். இதை அவளிடம் சொல்லும் காலமும் இப்போது இல்லை. நாலைந்து தடவை போன பிறகு, அவளாகக் கோயில் பேச்சை எடுத்தால் சொன்னால் போதும்.

முதல் தடவை எப்படிப் போவது? இரண்டு பெண்களாகப் போங்கள். ஒருவர் நீங்கள், இன்னொருவர் அன்று பூசை கேட்கப் போனவர்களில் இல்லாதவராக இருக்கட்டும். ஏழைகளுக்கு உதவ 1833-இல் பாரிசில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்களும் இன்றுவரை இருவராகத்தான் வீடு சந்திக்கிறார்கள். தனியாகப் போனால் ஊர் கதை கட்டும். மூன்று பேராகப் போனால் விசாரணை போலிருக்கும். சனிக்கிழமை வேண்டாம், படகுகள் கிளம்பும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். ஞாயிறு காலையும் வேண்டாம், மற்ற வீட்டு ஆண்கள் கரையேறி வரும் நேரம் அது. செவ்வாய் அல்லது வியாழன், தண்ணீர் பிடித்து முடித்த பிறகு, பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதற்கு அரை மணி நேரம் முன்பாகப் போனால் நல்லது. இருபது நிமிடம் போதும். பிள்ளைகள் வந்ததும் எழுந்துவிடலாம். அவளுக்கும் உங்களைத் துரத்துகிற சங்கடம் இருக்காது.

வாசலில் "செபம் சொல்ல வந்தோம்" என்று ஆரம்பிக்காதீர்கள். "அன்னைக்கு உங்கிட்ட அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா, தப்பு எங்க மேலதான்" என்று சொல்லுங்கள். மன்னிப்பு கேட்பதோடு நிறுத்திவிட வேண்டும். எதற்காகக் கேட்டோம் என்று விளக்கம் சொல்லத் தொடங்கினால் கேட்ட மன்னிப்பும் போய்விடும். அவள் உட்காரச் சொன்னால் அவள் உட்காரும் இடத்திலேயே, தரையானால் தரையில், உட்காருங்கள். கையில் வேலை இருந்தால், வெங்காயம் உரிக்கிறாளோ கடல்பாசி உலர்த்துகிறாளோ, நீங்களும் கூடச் செய்யுங்கள். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். திறக்காவிட்டாலும் குறையில்லை. விவிலியத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் செய்ததில் உருப்படியான காரியம் அதுதான். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும்தான் கெட்டது.

"கடவுள் சித்தம்" என்று சொன்னால், புருஷனைக் கடவுள்தான் மூழ்கடித்தார் என்று அவள் காதில் விழும். "பிள்ளைகளுக்காகத் தைரியமா இரு" என்றால், இனி உங்கள் முன்னால் அழக்கூடாது என்று அவளுக்கு அர்த்தமாகும். "எனக்கும் இப்படித்தான்" என்று உங்கள் வீட்டுச் சாவைப் பேச ஆரம்பித்தால், அவள் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பது கேட்க நன்றாயிருக்கும், ஆனால் யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்டு வாங்குவதைப் போலக் கூசுகிற காரியம் நம் ஊரில் வேறில்லை. அதற்குப் பதிலாக, "வியாழக்கிழமை மண்டபம் ஊருக்குப் போறேன், பெரியவனுக்கு நோட்டு வாங்கிட்டு வரவா?" என்று கேளுங்கள். ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் அவள் பதில் சொல்லிவிடலாம். முக்கியமாக, அவர் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். எட்டு மாதமாக ஊர் அந்தப் பெயரை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அவருக்குப் பிடித்த குழம்பு, அவர் கோயில் திருவிழாவில் கொடி தூக்கிய வருடம், எது ஞாபகம் வந்தாலும் சொல்லுங்கள். அவள் அழுதால் அழட்டும். தண்ணீர் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

எழும்போது அடுத்து வரும் நாளைச் சொல்லிவிட்டு எழுந்து, அந்த நாளில் கட்டாயம் போய்விடுங்கள். கதவு திறக்காவிட்டால், "நாங்க வந்துட்டுப் போறோம்மா, அடுத்த வியாழன் வாறோம்" என்று வெளியிலிருந்தே சொல்லிவிட்டுத் திரும்பலாம். தொடர்ந்து எட்டு வாரமாவது போக வேண்டியிருக்கும். இரண்டு தடவை போய்விட்டு நிறுத்துவது போகாமலே இருப்பதைவிடக் கெடுதல். வந்தவர்களும் விட்டுவிட்டார்கள் என்று ஆகிவிடும்.

அரிசியையும் சேலையையும் ஏன் பேசாமல் வாங்கிக்கொண்டாள் என்று யோசித்துப் பாருங்கள். அவை ஏழைக்குக் கொடுப்பவை. கடலுக்குப் போகிற வீட்டில் தினம் வருகிற பொருள் ஒன்று உண்டு: கறிக்கு மீன். விற்றது போக ஆளுக்குப் பிரிக்கிற அந்த ஒரு கை மீன் ஓலைப்பெட்டியிலோ பிளாஸ்டிக் பையிலோ வீட்டுக்கு வரும்போதுதான் அந்த வீட்டில் ஆண் இருக்கிறார் என்று அடுப்புக்குத் தெரியும். இப்போது அவள் காசு கொடுத்து மீன் வாங்குகிறாள், அல்லது வாங்காமலே இருக்கிறாள். உங்கள் அன்பியத்து நாட்டுப்படகுக்காரர்கள் முறை வைத்துக்கொள்ளட்டும்: வாரம் ஒரு படகு, கறிக்குப் பிரிக்கும்போது அவருக்கும் ஒரு பங்கு. நாலு நகரையோ ஒரு கை சூடையோ போதும். நல்ல மீனாக இருக்க வேண்டும், கழித்த மீன் வேண்டாம். கொண்டுபோய்க் கொடுப்பது அந்தப் படகுக்காரரின் மனைவியோ அம்மாவோதான். ஆண் போகக்கூடாது, இருட்டிய பிறகும் கூடாது. "உங்க பங்கு" என்று கொடுக்க வேண்டும். இந்த ஒரு சொல்லில் பிச்சை உறவாகிவிடும்.

இனி காகித வேலை. இதில்தான் நல்ல மனதுள்ளவர்களே பெரிய காயம் உண்டாக்கிவிடுகிறார்கள். உடல் கிடைக்காதபோது இறப்புச் சான்று எளிதில் வராது. ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டு எந்தத் தகவலும் இல்லையென்றால் இறந்ததாகக் கருதலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பொது விதி. அதனால் நிவாரணம், வங்கிக் கணக்கு, காப்பீடு எல்லாமே இழுபடலாம். நிவாரணத்துக்கு எழுதும் மனுவில் "என் கணவர் இறந்துவிட்டார்" என்று கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அவள் பேனாவைக் கீழே வைப்பாள். அவளுக்குப் பணத்தேவை இல்லையென்று அதற்கு அர்த்தமில்லை. "கடலில் காணாமல் போனார்" என்று உண்மையில் நடந்ததை மட்டும் எழுதும்படி மனுவை அமைக்கச் சொல்லுங்கள். கடலோரக் காவல் நிலையத்தில் பதிந்த முதல் தகவல் அறிக்கையின் நகல், மீனவர் நல வாரிய அட்டை, ரேஷன் அட்டை, இருவரின் ஆதார், கரை சேர்ந்த மூன்று பேரின் வாக்குமூலம், எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். வழக்கறிஞர் உதவிக்கு ராமநாதபுரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாகவே உதவ வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். 15100 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள்.

ஆனால் இந்தக் கோப்பை நீங்கள் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பக்கத்தில் உட்காருபவர் ஒருவர், காகிதம் கொண்டுவருபவர் வேறொருவர் என்று பிரித்துவிடுங்கள். இரண்டையும் ஒரே ஆள் செய்தால், வியாழக்கிழமை உங்கள் முகம் தெரிந்ததுமே இன்று எந்தக் கையெழுத்தோ என்று அவளுக்கு வயிறு கலங்கும். பங்குப் பேரவையில் (கோயில் ஆலோசனைக் குழுவில்) அலுவலகம் ஏறி இறங்கத் தெரிந்த ஒருவர் இருப்பார். அவரும் அவர் மனைவியும் சேர்ந்து அதைப் பார்க்கட்டும். வாரத் தவணை கட்டும் குழுக் கடன், வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு என்பதெல்லாம் அவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். எட்டாவது படிக்கிற பையனை "இனி நீதான்டா இந்த வீட்டுக்கு ஆம்பளை" என்று சொல்லி வத்தையில் ஏற்ற யாரும் நினைக்கவே வேண்டாம். அவன் பள்ளியை முடிக்கட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் இருப்பது, பிள்ளைகளை யார் வளர்ப்பார்கள் என்று விசாரிப்பது, பொருள்களை எடுத்துக் கொடுப்பது, இரவில் தனியாகக் கடற்கரைக்குப் போவது, "நானும் அவருகிட்ட போயிர்றேன்" என்ற பேச்சு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேராகவே கேளுங்கள்: "செத்துப்போகணும்னு தோணுதாம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது; கேட்க ஆள் இருக்கிறதே என்று ஆசுவாசம்தான் வரும். ஆம் என்றால் அன்றிரவு அவளைத் தனியாக விடாதீர்கள். 14416 மனநல உதவி எண். பகலிரவு எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒருவர் துணையோடு கூட்டிப்போங்கள். நம் கரையில் மனநோய் என்ற சொல்லைக் கேட்டாலே சங்கிலி ஞாபகம் வரும். 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 பேர் இறந்ததை யாரும் மறக்கவில்லை. அந்தப் பயத்திலேயே பல வீடுகள் மருத்துவரிடம் போவதில்லை. இன்று வெளிநோயாளியாகப் பார்த்து, மருந்து வாங்கி, அன்றே வீடு திரும்பலாம் என்பதை அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் சொல்லுங்கள். செபம் செய்யுங்கள், மருந்தும் வாங்குங்கள். ஒன்றுக்காக மற்றதை நிறுத்த வேண்டியதில்லை.

இனி 28 வீட்டுக் கணக்கு. ஒருவராக இதைச் சுமந்தால் நீங்கள் படுத்துவிடுவீர்கள். வெள்ளிக்கிழமை வரும் ஏழு பேரில் நான்கு பேரைத் தேர்ந்து, ஆளுக்கு ஏழு வீடு என்று பிரியுங்கள். ஆளுக்கு வாரம் ஒரு வீடு போனால் ஏழு வாரத்தில் எல்லா வீடும் ஒரு சுற்று வந்துவிடும். மற்ற மூவரும் கூடப்போகும் துணை. அந்தத் தங்கச்சி வீடும் பாட்டி வீடும் இந்தச் சுற்றோடு நிற்காது, அவை வாராவாரம். மக்களை அறிவதும், வீடுகளைச் சந்திப்பதும், துயரத்தில் இருப்பவர்களையும் தனித்திருப்பவர்களையும் தேடிப் போவதும் பங்குத்தந்தையின் கடமை என்று திருச்சபைச் சட்டம் 529 சொல்கிறது. அதனால் மாதம் இரண்டு வீட்டுக்காவது அவரை உங்களோடு வரச்சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தயங்காமல் கேளுங்கள்.

வேவு என்ற பேச்சு ஏன் வருகிறது? போனவர் வாயிலிருந்து ஒரு சொல் எங்கோ வெளியே வந்திருக்கும், அல்லது வரும் என்று பயம் இருக்கும். ஆளுக்கொரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெயர், பிள்ளைகளின் வகுப்பு, பிறந்த நாள், திருமண நாள், வீட்டில் இறந்தவரின் நினைவு நாள், தொடர்ந்து சாப்பிடும் மருந்து, அடுத்து போகும் தேதி ஆகியவை மட்டும் இருக்கட்டும். குடி, கடன், புருஷன் பெண்டாட்டி சண்டை எதையும் எழுதக்கூடாது. அந்த நோட்டு பாம்பன் பஸ்ஸில் தவறிப்போனால் யாராவது தலைகுனிய வேண்டிவருமா என்று யோசித்து எழுதினால் சரியாக இருக்கும். ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் செபக் கருத்தாகக்கூடச் சொல்லாதீர்கள். "அந்த மகளுக்காக வேண்டிக்குங்க, அவ புருஷன் இப்ப ரொம்பக் குடிக்கிறான்" என்பது புறணிதான், செபம் என்ற பெயரில் வருகிறது. ஃபாதரிடம் சொல்வதானாலும் அந்த வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு சொல்லுங்கள். பெண்ணையோ பிள்ளையையோ வீட்டில் அடிப்பது தெரியவந்தால் மட்டும் இந்த விதி பொருந்தாது; அப்போது பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098 என்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

உதவி கொடுக்கும்போது போட்டோ எடுத்து வாட்சப் குழுவில் போடும் பழக்கம் உங்கள் பங்குக் கோயிலிலும் இருந்தால், இன்றோடு விட்டுவிடுங்கள். வாங்குகிற பெண்ணின் பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்தபடிதான் மறுநாள் பள்ளிக்குப் போகிறது. உதவி கொடுப்பதில் ஆதித் திருச்சபையிலும் பிரச்சினை வந்தது. கிரேக்க மொழி பேசிய கைம்பெண்களுக்கு அன்றாடப் பங்கீட்டில் பங்கு விட்டுப்போனது என்று முணுமுணுப்பு எழுந்தபோது, திருத்தூதர்கள் இன்னும் ஒரு பிரசங்கம் வைக்கவில்லை. அந்த வேலைக்கென்றே ஏழு பேரைத் தேர்ந்தார்கள். விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தை உங்கள் அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வாசித்துவிட்டு, அன்றே நான்கு பேரையும் தேர்ந்துவிடலாம்.

பாட்டிக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். தள்ளுவண்டியில் குடம் வைத்துத் தண்ணீருக்குப் போகிற பெண்கள் அந்த வீட்டுக்கு இரண்டு குடம் சேர்த்து நிரப்பட்டும்; ஒவ்வொரு நாளும் யார் என்று பெயர் குறித்துக்கொள்ளுங்கள், எல்லோரும் பார்ப்பார்கள் என்று விட்டால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நற்கருணை வீட்டுக்கு வர ஃபாதரிடம் அல்லது சிஸ்டரிடம் சொல்லி வையுங்கள். மாத்திரை அட்டையை வாரம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்; எண்ணிக்கை குறையவில்லை என்றால் அவர் சாப்பிடவில்லை.

ஆண்கள் வெள்ளிக்கிழமை மாலை ஜெபமாலைக்கு வரவில்லை என்று வருத்தப்படாதீர்கள். அவர்களுக்குக் கைவேலையாக ஒன்றைக் கொடுங்கள். கறிக்கு மீன் முறை அவர்களுடையது. அவள் வீட்டுக் கூரையில் ஓலை மாற்றுவது, அவருடைய வலை ஊறிக் கெடாமல் எடுத்து உலர்த்தி வைப்பது அவர்களால்தான் முடியும். வலையை விற்றுத் தருகிறோம் என்று மட்டும் அவளாகக் கேட்காமல் சொல்லக்கூடாது. கரை சேர்ந்த அந்த மூன்று பேரும் உங்கள் கண்ணில் பட வேண்டும். தாங்கள் பிழைத்து வந்ததற்காக அவள் முகத்தைப் பார்க்கக் கூசி அவர்கள் ஒதுங்கியிருக்கக்கூடும். வலை பின்னும் கொட்டகையில் போய் உட்கார்ந்து அவர்களிடம் பேசப் பெண்களால் முடியாது. அவர்களைவிட மூத்த சம்மாட்டி (படகு முதலாளி) ஒருவரையோ, மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரையோ அனுப்புங்கள்.

இன்னும் சில வாரத்தில் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். ஊர் முழுக்கக் கல்லறைக்கு வெள்ளையடிக்கும், செவ்வந்தி வாங்கும், மெழுகுதிரி கட்டுக்கட்டாகப் போகும். ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து வருவார். அவளுக்கு நிற்க இடம் இல்லை. ஒரு வாரம் முன்பே அவளிடம் கேளுங்கள்: "அன்னைக்கு என்ன செய்யலாம்னு நினைக்கிற? வீட்டுலேயே இருக்கணுமா, எங்கேயாவது போகணுமா?" வீட்டிலேயே இருக்கிறேன் என்றால், உங்கள் வீட்டுக் கல்லறையை முடித்துக்கொண்டு ஒருவர் அங்கே போய் அவளோடு இருங்கள். வருகிறேன் என்றால், கல்லறைத் தோட்டத்தின் நடுச் சிலுவையடியில் திரி ஏற்ற இடம் ஒதுக்கி வையுங்கள். கடலில் போனவர்களுக்காக ஃபாதர் அங்கே ஒரு செபம் சொல்ல முன்கூட்டியே கேட்டுவையுங்கள், பெயர் வாசிக்க வேண்டுமா வேண்டாமா என்பதை அவள் சொல்லட்டும். தென்கடல் பக்கம் போய் நிற்கணும் என்று அவள் சொன்னால், வெளிச்சம் இருக்கும்போதே, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, நீங்கள் இருவரும் கூடப் போங்கள். வாடைக் காற்றில் திரி நிற்காது. அரிக்கன் விளக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.